சாமந்தி சூடிய எடைக்கல்

ஏகாம்பரம் திருடவில்லை. அவரைத் திருடனாக்கியவன் நான். தெரிந்தபின்பும் வாயை மூடிக்கொண்டவனும் நானே!

ஆந்திர எல்லையில் பிச்சாட்டூருக்குப் பக்கத்தில், கல் உடைக்கும் ஒரு கிரஷரில் அப்போது வேலை பார்த்தேன். உடைத்த ஜல்லி பெல்ட்டில் போய்க்கொண்டே இருக்கும். பெல்ட்டுக்கு அடியில் உள்ள தராசுச் சட்டம் அதை ஓட்டத்திலேயே எடை போடும். அந்தத் தராசைச் சரியாக வைத்திருப்பதே என் உத்தியோகம். டிப்ளமோ படித்தவன் என்ற மிதப்பும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

ஆயுத பூஜை வந்தது. டிரைவர்கள் வண்டிகளுக்குப் பொட்டு வைத்தார்கள். என் ஆயுதம் எது? தராசைச் சோதிக்கும் இரும்பு எடைக்கல்தான்! அதைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்திச் சரம் சுற்றி, தராசுச் சட்டத்திலேயே மாட்டிக் கற்பூரம் காட்டினேன். பொரியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கல்லைக் கழற்றவில்லை.

மறுநாளிலிருந்து ஜல்லியின் எடையோடு அந்தக் கல்லின் எடையும் சேர்ந்துகொண்டே போயிற்று. வாரந்தோறும் வெறும் பெல்ட்டை ஓடவிட்டு, தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்... பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன். சோம்பல்! வேறென்ன?

கணக்குப் பார்த்தபோது, தராசு காட்டிய அளவுக்குக் களத்தில் ஜல்லி இல்லை. யார் எடுத்தது? குவியலிலிருந்து லாரிகளுக்கு அள்ளிப் போடும் லோடர் வண்டி ஏகாம்பரத்தின் கையில் இருந்தது. பழி அவர்மேல் விழுந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைத் தெலுங்கில் வைதுவிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். தராசு சரிதானே என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்... அல்லது நம்ப விரும்பினேன்.

அன்று மாலையே பெல்ட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கல் தொங்கிக்கொண்டிருந்தது. சாமந்தி காய்ந்து, தூசியில் ஒட்டிக் கிடந்தது.

நீங்களாக இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பீர்களா? நான் கல்லைக் கழற்றினேன். சரத்தை உருவிப் புதரில் எறிந்தேன். வேலை போய்விடுமே என்ற பயம். படித்தவன் செய்த தப்பைப் பார் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது.

கிரஷர் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு ஏகாம்பரம் நின்றிருந்தார். மனம் கேட்கவில்லை எனக்கு.

"நீங்க எடுத்திருக்க மாட்டீங்கண்ணா, எனக்குத் தெரியும்" என்றேன்.

ஆமாம், எனக்குத்தானே தெரியும்! அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதன்பிறகு சுற்றுவட்டாரக் கிரஷர் எதிலும் அவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. மாங்கூழ் ஆலையில் கூடை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். நானோ ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் நல்ல வேலைக்கு மாறிவிட்டேன்.

போன மாதம் புத்தூர் பஸ் நிலையத்தில்... முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். ஒளிய இடமில்லை. மனைவியைப் பக்கத்தில் அழைத்தார்.

"சொல்லிக்கினே இருப்பேனே, அந்த சாரு இவருதாம்மே. அத்தினி பேரும் திருடன்னு சொன்னப்போ என்னை நம்புன ஒரே ஆளு."

இப்போதாவது சொல்லடா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் இந்த ஒரு ஆறுதலும் அவருக்கு இல்லாமல் போய்விடுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான நியாயம்!

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.