அம்மாவுக்குப் போன பச்சை பிரேம்

திருவள்ளூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் புளியமரத்தடியில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. 'காத்து பாய் கடை' என்றால் கடம்பத்தூர் வரைக்கும் தெரியும். கடைக்காரரின் சொந்தப் பெயர் மொய்னுதீன் என்பது பள்ளிவாசலுக்கும் அவருடைய மனைவி பீவி ஜானுக்கும்தான் ஞாபகம் இருந்தது.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை அவருக்குப் பெருமை சேர்க்கிற கதை அல்ல. மற்ற கடைகளில் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொள்ள யாரும் காசு கேட்பதில்லை. பம்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மொய்னுதீன் கேட்பார். சக்கரத்துக்குக் காலணா. "காத்து ஆண்டவன் குடுத்தது பாய், அதுக்குப் போயி டப்பு கேக்கறியே?" என்று யாராவது வம்புக்கு இழுத்தால், "காத்து ஆண்டவன் குடுத்ததுதாம்பா. பம்பு நான் வாங்குனது" என்பார். அந்தப் பம்பின் விலை எப்போதோ வசூலாகி, அதன் மேல் இன்னும் பத்துப் பம்புக்குக் காசு வந்தாயிற்று என்று யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கு வாடகை சைக்கிள் கிடைக்காது.

கஞ்சன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரே மகள் ஆரிபா என்று வந்துவிட்டால் மனிதர் உருகிப்போவார். பெரியபாளையத்துக்கு நாலு மைல் தள்ளி, ஆற்றோரக் கிராமம் ஒன்றில் நெல் வியாபாரக் குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வண்டி கட்டிக்கொண்டு போன அன்றைக்கே பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. பிள்ளை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. வீட்டுப் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில், கொட்டுகிற மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பெரியபாளையத்து நர்ஸ் குணசுந்தரி வந்து சேர்ந்தாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டு மொய்னுதீன் தேம்பித் தேம்பி அழுததை அங்கிருந்த எருமைகள் மட்டும்தான் பார்த்தன.

அன்றிலிருந்து அவர் அவளை 'நர்ஸம்மா' என்றுகூடச் சொல்வதில்லை. வெறும் 'அம்மா'தான். அவளுக்கு இவரைவிட இருபது வயது குறைவு. அதனால் என்ன, வாய் அப்படித்தான் வந்தது. இந்த ஒரு வார்த்தைதான் பின்னால் அவரைப் பெரியபாளையத்துக்கு ஓட ஓட விரட்டியது.

அணாக் காசு புழங்கிய காலம், ஆடி மாதம். ஆரிபாவுக்கு மறுபடியும் மாதம் நிறைந்திருந்தது. துணைக்கு பீவி ஜான் முன்கூட்டியே போய்விட்டாள். போன நாலாம் நாள், நெல் ஏற்றி வந்த வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினாள்: "நர்ஸம்மா சைக்கிள் ஆத்து மணல்ல மாட்டி, பிரேமு ரெண்டா ஒடைஞ்சி போச்சாம். நடந்தேதான் வந்துக்கினு போய்க்கினு கீறாங்க. அவசரம்னா நாலு மைலு எப்புடி வருவாங்க? மத்த சாமான் எல்லாம் நல்லாத்தான் கீதாம், பிரேமு மட்டும் அனுப்பச் சொல்லு. மோசஸ் மாட்டிக் குடுத்துடுவாராம்." மோசஸ் பெரியபாளையத்தில் சைக்கிள் ரிப்பேர் பார்ப்பவர்.

பிரேம் இருந்தது. ரயில்வே அதிகாரி ஒருவர் ஊர் மாறிப் போனபோது மொத்தமாக வாங்கிய சாமான்களோடு வந்த லேடீஸ் பிரேம், முன் பார் வளைந்து தாழ்ந்தது. திருவள்ளூரில் அதை ஏறி மிதிக்கப் பெண்பிள்ளை யாரும் இல்லாததால் பரணில் கிடந்தது. மொய்னுதீன் அதை இறக்கி, துரு போகத் தேய்த்து, பள்ளிவாசல் ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டைப் பூசினார். பார்க்கப் புதிதாகவே இருந்தது. இனி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் பிடித்தது சனி.

முதலில் ரயில்வே பார்சல் ஆபீஸ். திருவள்ளூரிலிருந்து மெட்ராஸ் போய், அங்கிருந்து திரும்பிப் பொன்னேரி வந்து, பிறகு மாட்டுவண்டி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பார்சல் கிளார்க் பிரேமைத் தராசில் வைக்காமல் நீளத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்து ஒரு தொகை சொன்னார்.

"இன்னா சார் அநியாயம்? எடை போடுங்க. இது ஒரு கோழி கனம்கூட இல்ல."

"கனம் இல்ல பாய், எடத்த அடைக்குதே. அந்த எடத்துக்குத்தான் சார்ஜு."

"எடமா? நடுவுல எல்லாம் ஓட்டைதானே கீது! வெறும் காத்து! காத்துக்கா டப்பு கேக்கறீங்க?"

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் பாய், நீங்க வாங்கலியா?"

பின்னால் நின்றிருந்த கூலிகள் கொல்லென்று சிரித்தார்கள். மொய்னுதீன் பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஊர் முழுக்க இந்தப் பேச்சு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பரவிவிட்டது.

அடுத்தது பஸ். கண்டக்டர் மேலே பார்த்தார். கூரையில் ஆடு, கோழி, பொங்கல் அண்டா, அம்மனுக்கு முடியிறக்கப் போகும் சனங்களின் மூட்டை முடிச்சு. "ஆடி மாசம் பாய். இத்த ஏத்தணும்னா ஒரு ஆள் டிக்கெட்டுக்கு மேல அரை டிக்கெட்டு போடணும்."

"இது இன்னா சோறு துன்னுதா, சீட்டுல குந்துதா?"

"பேஜாரு பண்ணாத பாய். நீயே இட்டுக்கினு வா, மடியில வெச்சுக்கோ. உனக்கு மட்டும் டிக்கெட்டு."

நல்ல யோசனைதான். அப்போதே ஏறிப் போயிருக்க வேண்டும் மனிதர். ஆனால் அவர் மனசு வேறு கணக்குப் போட்டது. போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், ஆடி ஞாயிற்றுக்கிழமை வாடகை வசூல் போச்சு, வழியில் நாஷ்டா. பெண் பிரசவத்தில் ஆம்பிளைக்கு என்ன வேலை, வாசலில் நின்று குறுக்கும் நெடுக்கும் நடப்பதைத் தவிர? பிரேம் போனால் போதாதா? இப்படித் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். அட, உன் கஞ்சத்தனத்தில் இடி விழ!

சனிக்கிழமை காலையில் அப்பாவு வந்தார். கடம்பத்தூர்க்காரர், நெல் பயிரிடுகிறவர், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் மொய்னுதீனோடு சண்டை போடுகிற நெடுநாள் சிநேகிதர். ரோட்டில் கூண்டு வண்டி நின்றது, உள்ளே பெண்டு பிள்ளைகள்.

"எங்க அப்பாவு, குடும்பத்தோட?"

"பெரியபாளையந்தான் பாய். வேப்பஞ்சேலை கட்டறோம்னு வேண்டுதல்."

மொய்னுதீனுக்குத் தலை கால் புரியவில்லை. பிரேமை ஓடிப் போய் எடுத்துவந்தார். பெயிண்ட் கீறாமல் இருக்க, மரத்தடியில் கிடந்த பழைய மஞ்சள் துணியைக் கிழித்துச் சுற்றினார். சும்மா கிடைத்த துணி. "அப்பாவு, இத்த கொஞ்சம் இட்டுக்கினு போயி, பெரியபாளையத்துல அம்மாகிட்ட சேத்துடேன்."

அப்பாவு பிரேமைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார், மொய்னுதீனை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாவுக்கா? நீயா பாய்?"

"ஆமாம்பா. ஆரிபாவுக்கு மாசம் நெறைஞ்சிடுச்சி. அம்மாதான் போன தபா காப்பாத்துனாங்க. இந்த தபாவும் அவங்கதான் நிக்கணும். வேற யாரு கீறாங்க எனக்கு?"

அப்பாவு கண் கலங்கிவிட்டார். ஆடி மாதத்தில் அந்தச் சீமையில் பெரியபாளையத்து அம்மா என்றால் ஒருத்திதான், பவானி அம்மன். வேறு அம்மா இருக்கக்கூடும் என்று நினைக்க எவனுக்குத் தோன்றும்? இவருக்கோ அம்மா என்றால் குணசுந்தரிதான். இருவரும் ஒரே வார்த்தையைப் பேசினார்கள், ஆளுக்கொரு முகத்தை நினைத்துக்கொண்டு.

"கூலி எவ்ளோ சொல்லு" என்று மொய்னுதீன் மெல்ல இழுத்தார்.

அப்பாவு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா பேச்சு பாய் இது? அம்மாவுக்குப் போற சாமானுக்கு டப்பு வாங்குனா என் கை வெளங்குமா?"

அப்பாவு வீட்டுப் பிரசவத்துக்கும் அவள்தான் வந்திருப்பாள் போல என்று நினைத்து மொய்னுதீன் பூரித்துப்போனார். வண்டி கிளம்பியது. ஒரு காசு செலவில்லாமல் வேலை முடிந்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

திங்கட்கிழமை சாயந்திரம் அப்பாவு மொட்டைத்தலையோடு வந்து நின்றார். கையில் குங்குமப் பொட்டலம், வேப்பிலை.

"ஜோரா முடிஞ்சுது பாய். மஞ்சத் தண்ணி தெளிச்சி, மாலை போட்டு, பூசாரி கற்பூரம் காட்டுனாரு. அந்தக் கூட்டத்துல உன் சாமானத்தான் எல்லாரும் பாத்தாங்க."

"மாலையா?" மொய்னுதீன் விழித்தார். "நர்ஸம்மாவுக்கா கற்பூரம் காட்டுனாங்க?"

"எந்த நர்ஸம்மா?"

பிரேம் எந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது என்பது மொய்னுதீனுக்கு அப்போதுதான் விளங்கியது. சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா? யாரைக் கேட்பது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அங்கே குணசுந்தரி நடந்துகொண்டிருப்பாள். ஆரிபாவுக்கு வலி கண்டிருந்தால்? "யா அல்லா, என் பொண்ணு" என்று அவர் சொன்ன குரலில், எதுவும் புரியாமலே அப்பாவு கடைக் கதவை இழுத்துச் சாத்த ஒத்தாசை செய்தார்.

மறுநாள் முதல் பஸ். மொய்னுதீன் கண்டக்டரிடம் பேரம் பேசவில்லை. மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை. கண்டக்டர் பயந்துபோய், "பாய், உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

பெரியபாளையத்தில் கோயில் வாசல் நெருக்கித் தள்ளியது. வேம்படியில் காணிக்கைச் சாமான்கள் குவிந்திருந்தன. மரத்தொட்டில், மண்பொம்மை, கட்டிப்போட்ட சேவல். மொய்னுதீன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினார். பச்சை பிரேமைக் காணோம். அதைச் சுற்றிய மஞ்சள் துணி மட்டும் ஒரு கிளையில் தொங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாய் தேடறே?" பக்கத்தில் வேப்பிலைக் கட்டு விற்றுக்கொண்டிருந்த கெங்கம்மாள் கேட்டாள். வாய் பெரிய மனுஷி.

அவர் சொன்னார். சொல்லச் சொல்லக் கெங்கம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீதானா அது? ஞாயித்துக்கெழமையிலருந்து இங்க அதே பேச்சுதான். அம்மா எந்த ஊருக்கு சைக்கிள்ல போவப் போறான்னு பூசாரியே மண்டைய ஒடைச்சிக்கினு இருந்தாரு. அப்ப பாத்து நர்ஸம்மா முட்டி வரைக்கும் சேத்தோட நடந்து வருது. எம் பொண்ணுக்குப் பிரசவம் பாத்த கை அது. நான் சும்மா உடுவனா? 'பூசாரி, புள்ளப்பேறு வேண்டுதலுக்கு வந்த சாமானாம், அதுவும் பொம்பள சைக்கிளு. அம்மா யாருக்கு அனுப்பிக்கிறான்னு கண்ணு தெரியலியா உனக்கு?'ன்னு கேட்டேன். அவரு எலுமிச்சம்பழத்தோட எடுத்துக் குடுத்துட்டாரு. மோசஸ் நேத்தே மாட்டிட்டாரு. காலையில ஆத்தோரத்து ஊருலருந்து ஆளு ஓடியாந்தான், ஏறி மிதிச்சிக்கினு பறந்துடுச்சி."

"ஆத்தோரத்து ஊரா? எந்த ஊடு?"

"யாரோ நெல்லு யாவாரி பாய் ஊடாம்."

அந்த நாலு மைலை மொய்னுதீன் நடந்தார் என்று சொல்ல முடியாது, ஓடினார் என்றும் சொல்ல முடியாது. செருப்பு ஒன்று சேற்றில் போனது. திரும்பி எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டுச் சுவரில் பச்சை சைக்கிள் சாய்ந்திருந்தது. முன் கழுத்தில் மஞ்சள், குங்குமம், வாடிய வேப்பிலைக் கொத்து. அதைத் தொட்டுக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு அழுகை கேட்டது. அதன்பின் ஆரிபாவின் குரல், மெலிந்து, ஆனால் தெளிவாக: "வாப்பா வந்துட்டாரா?"

பீவி ஜான் வெளியே வந்தாள். திட்டத்தான் வந்தாள், முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வார்த்தை மாறிவிட்டது. "பேரன். மொதல்ல ரத்தம் நிக்கவே இல்லீங்க. அவங்க நடந்து வந்திருந்தாங்கன்னா..." என்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குணசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். களைப்பு, ஆனாலும் சிரிப்பு. "வாங்க பாய். வண்டி சும்மா காத்தா போவுது. பின் சக்கரத்துலதான் கொஞ்சம் காத்து கம்மி."

மருமகன் பம்பைக் கொண்டுவந்தான். மொய்னுதீன் அவனிடமிருந்து பிடுங்கி, மண்ணில் முட்டி போட்டு, தாமே அடித்தார். குணசுந்தரி முந்தானை முடிச்சை அவிழ்ப்பது போல் பாவனை செய்தாள். "காலணாதானே பாய்?"

அவர் பம்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்த முறை எருமைகள் மட்டும் பார்க்கவில்லை, ஊரே பார்த்தது. அவர் கவலைப்படவில்லை.

ஊர் திரும்பியபின் அப்பாவு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேச்சைத் துவங்கத் தயங்கி, வேறு எதையோ பார்த்தபடி கேட்டார்: "கொழந்தை இன்னா பாய்?"

"பேரன். ரெண்டு பேரும் சவுக்கியம்."

"பாத்தியா, அம்மா உட்டுடுவாளா?"

"உடல அப்பாவு."

மொய்னுதீன் பம்பை மாட்டி இரண்டு சக்கரத்துக்கும் கல் மாதிரி காற்றடித்தார். அப்பாவு பழக்கத்தில் அரையணாவை எடுத்து நீட்டினார். மொய்னுதீன் அந்தக் கையைப் பிடித்து மடக்கி, அவருடைய சட்டைப்பைக்கே திருப்பினார்.

"அம்மாவுக்கு சாமான் கொண்டுபோன ஆளுகிட்ட டப்பு வாங்குனா, என் கை வெளங்குமா?"