மாமா பிடித்தார், நான் எறிந்தேன்

எங்கள் வீட்டில் அமெரிக்கா என்றால் அது மாமாதான். அம்மாவின் கடைசித் தம்பி. சின்னப் பையனாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்து, பிராங்பேர்டுக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூரில் வளர்ந்தவர். வகுப்பில் எல்லாரும் கால்பந்தின் பின்னால் ஓடியபோது அவர் மட்டும் ரயில் பாதைக்கு அப்பால் இருந்த பேஸ்போல் மைதானத்துக்குப் போனார். முன்பு அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த இடம் அது. அவர்கள் முகாமைக் காலி செய்துகொண்டு போன பிறகும் மைதானம் மிஞ்சியது. அதில் விளையாட ஒரு சிறிய கழகமும் மிஞ்சியது.

மாமா கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவர். பிடித்த பந்தைத் திரும்ப எறிவதும் அவர் வேலை. அப்பா கிரிக்கெற் ஆள். இதைச் சொந்தக்காரருக்கு விளங்கவைக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். "விக்கெற் கீப்பர் மாதிரித்தான், ஆனா விக்கெற் இல்லை" என்பார். கேட்டவர்கள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு மாமாவை ஓர் அமெரிக்கக் கழகம் எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சியில் வரும் பெரிய லீக் இல்லை. அதற்குப் போவதற்கு ஏணி மாதிரிப் பல படிகள் இருந்தன. மாமா நின்றது கிட்டத்தட்ட அடிப்படியில். இரவு முழுக்கப் பேருந்தில் போவது, ஓர் அறையில் நாலு பேர் படுப்பது, கடலை வெண்ணெய் தடவிய பாணைத் தின்றுவிட்டு மைதானத்தில் இறங்குவது என்றுதான் அவருடைய அமெரிக்கா இருந்தது. அதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்த விடயங்கள். அப்போது அம்மா ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் தொலைபேசியில் சொன்னது ஒரே வசனம்: "தம்பி அமெரிக்காவில விளையாடுறான்." நான் பள்ளிக்கூடத்தில் அதையே இன்னும் கொஞ்சம் பெருப்பித்துச் சொன்னேன். எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் அமெரிக்கா முழுவதும் என் மாமாவைத் தெரிந்து வைத்திருந்தது.

இரண்டாம் பேஸுக்கு ஓடிய ஒருவனை ஆட்டமிழக்கச் செய்யப் பந்தெறிந்தபோது மாமாவின் வலது தோளுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது. அங்கேயே சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு, வீட்டுக்குப் போய்த் தோளைச் சரியாக்கிக்கொண்டு அடுத்த வசந்தத்தில் வா என்று அனுப்பினார்கள். சரியாகாவிட்டால் என்ன செய்வது என்று அவர்களும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

மாமா எங்கள் வரவேற்பறைச் சோபாவில் குடியேறினார். காலையில் நான் எழும்பி வரும்போது, கதவுக் கைபிடியில் ஒரு சிவப்பு றப்பர் பட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நிற்பார். உள்பக்கமாக, வெளிப்பக்கமாக, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மிக மெதுவாக. நெற்றியில் வியர்வை பூக்கும். வாயால் ஒரு சத்தம் வராது. கிழமையில் சில நாள் பிசியோதெரபிக்கு டெர்மின், நேரம் குறித்துக் கொடுத்திருப்பார்கள். மற்ற நாட்களில் ஓட்டம், வயிற்றுக்குப் பயிற்சி, கால்களுக்குப் பயிற்சி. தொலைக்காட்சி பார்ப்பதென்றாலும் குந்தியிருந்துதான் பார்ப்பார், கால்கள் பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். சோபா சும்மா இருக்கும். அப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. வீட்டுப்பாடம் செய்யவே என்னைப் பத்துத் தரம் கூப்பிட வேண்டும். மாமாவை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. என் தலைமயிர்ப் பட்டியை மற்றக் கதவின் கைபிடியில் கட்டி நானும் இழுக்கத் தொடங்கினேன்.

அம்மா வேலைக்குப் போகும் அவசரத்திலும் ஒரு கேள்வி கேட்பார்.

"எப்பிடித் தம்பி இப்ப?"

"கிட்டத்தட்டச் சரி அக்கா."

அவர்கள் வரச்சொன்ன வசந்தமும் போய்க் கோடை வந்து, கோடையும் முடியப் பார்த்தது. அந்தப் பதில் மாறவில்லை. கிட்டத்தட்டச் சரி என்பது எவ்வளவு நீளமான இடம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் யோனாஸின் பெயர் வீட்டில் அடிபட ஆரம்பித்தது. மாமாவின் பழைய கழகத்தில் பிட்சர். பதினேழு வயது, பேக்கரிக்காரரின் மகன், நெட்டையன், யார் முகத்தையும் பார்த்துக் கதைக்கமாட்டான். ஆனால் அவன் எறியும் பந்து அந்த வட்டாரத்திலேயே யாரும் காணாத வேகம். அவனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து இரண்டு ஸ்கவுட்டுகள், ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஒரு சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் பயிற்சியில் யோனாஸின் பந்து பட்டுக் கழகத்துக் கேட்சரின் பெருவிரல் முறிந்துவிட்டது. அடுத்த கேட்சர் பந்து வரும்போது கண்ணை மூடுகிறவன். கூட்டாளியின் விரலை முறித்த யோனாஸோ அதற்குப் பிறகு மெதுவாக எறியத் தொடங்கிவிட்டான். பயிற்சியாளர் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மாமா, வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அப்பாவுக்கு விமான நிலையத்தில் வேலை. அதனால் நானும் மாமாவோடு போனேன்.

மைதானத்து வேலியோரம் இரண்டு மடக்குக் கதிரைகளில் ஸ்கவுட்டுகள் இருந்தார்கள். ஒருவர் இளையவர், கையில் வேகம் அளக்கும் கருவி. மற்றவர் வெள்ளை மீசைக்காரர், அவர் கையில் ஒன்றும் இல்லை. மாமா முகமூடி, மார்புக் கவசம், காற்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"பிள்ளை, எனக்கொரு உதவி செய்வியோ?"

"ஓம் மாமா."

"நான் பந்தைப் பிடிப்பன். பிடிச்சு உன்ர கையில தருவன். நீ அதை யோனாஸிட்ட எறிய வேணும். மற்ற நேரமெல்லாம் அந்த வலைக்குப் பின்னால நிக்கோணும். நான் கூப்பிட்டாத்தான் வெளியில வரலாம்."

"நானோ?"

"நீதான். இண்டைக்கு உனக்குப் பிறந்தநாள் எண்டு சொல்லப்போறன்."

"எனக்குத் தை மாசமெல்லோ."

"இண்டைக்கும்தான்" என்றார் மாமா.

இரண்டு பிறந்தநாள் கிடைத்தால் எந்தப் பிள்ளை கணக்குப் பார்க்கும்? நான் போய் வலைக்குப் பின்னால் நின்றேன். மாமா ஸ்கவுட்டுகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி என்னைக் காட்டினார். வெள்ளை மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

யோனாஸ் பந்தெறியும் மண்மேட்டில் ஏறினான். முதல் பந்துகள் சோர்ந்து வந்தன. இளைய ஸ்கவுட் கருவியைப் பார்ப்பதும் மற்றவரைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் வேறு முதல் பந்தைப் பாதி தூரத்திலேயே போட்டுவிட்டேன். அது உருண்டு போய் யோனாஸின் சப்பாத்தில் முட்டி நின்றது. அவன் குனிந்து எடுத்தபோது சிரித்ததைக் கண்டேன். அன்று அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமா எழுந்து மண்மேட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். ஜெர்மன் மொழியில்தான் பேசினார்கள்.

"என் கையை உன்னால் உடைக்க முடியாது" என்றார் மாமா. "வேண்டுமென்றால் முயன்று பார்."

யோனாஸ் நிலத்தைப் பார்த்தான். பிறகு முதல் முறையாக மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வந்த பந்துகளை நான் இன்றைக்கும் காதால்தான் நினைவு வைத்திருக்கிறேன். கண்ணுக்கு ஒரு வெள்ளைக் கோடு. உடனே மாமாவின் கையுறையில் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை உண்டாக்கியது யோனாஸ் மட்டுமில்லை என்பது எனக்கே விளங்கியது. கண்ணை மூடுகிறவன் பிடிக்க நின்றிருந்தால் அந்தப் பந்துகள் சத்தமில்லாமல் வேலியில் போய் விழுந்திருக்கும். மாமாவின் கையுறை அசைந்ததே தெரியவில்லை. பந்து அவருடன் முன்பே பேசி வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தது போலிருந்தது. விலகிப் போன பந்துகள்கூட அவர் கைக்குள் வந்ததும் நல்ல பந்துகளாகிவிட்டன. சில மண்ணில் குத்தி எழும்பின. அவற்றை முழங்காலில் விழுந்து மார்பால் தடுத்தார். புழுதி பறக்கும். அடுத்த நொடி முகமூடிக்குள்ளிருந்து "வா பிள்ளை" என்று குரல் வரும். நான் ஓடிப்போய்ப் பந்தை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எறிவேன். சில யோனாஸிடம் ஒழுங்காகப் போயின. ஒன்று அவன் தலைக்கு மேலாகவும் போனது.

கடைசிப் பந்துக்குப் பிறகு வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் வைத்தேன். இளைய ஸ்கவுட் யோனாஸையும் அவன் தகப்பனையும் தனியாகக் கூட்டிப்போய்க் கதைத்தார். வெள்ளை மீசைக்காரர் எங்களிடம் வந்தார். மாமாவின் அமெரிக்கக் கழகம் அவருக்குத் தெரிந்திருந்தது. தோள் எப்படி என்று கேட்டார். நன்றாக வருகிறது என்றார் மாமா. மீசைக்காரர் மாமாவின் வலது கையைப் பார்த்தார். அது தொடையோடு ஒட்டியபடி தொங்கியது. பிறகு என்னைப் பார்த்தார். தன்னுடைய இடது கையை மாமாவிடம் நீட்டினார். இரண்டு பேரும் இடது கையால் குலுக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் அப்படித்தான் வழக்கம் போலிருக்கிறது என்று நான் எண்ணினேன்.

யோனாஸை அந்தக் குளிர்காலமே எடுத்துக்கொண்டார்கள். மாமா ஏறிய படிக்கு மேலும் சில படிகள் ஏறினான். ஒவ்வொரு படியிலிருந்தும் அவன் முதலில் தொலைபேசி எடுத்தது மாமாவுக்குத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மாலை எங்கள் குசினியில் நடந்தது.

அம்மா வேலை முடிந்து வந்து புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அப்பா மேசையில் தேத்தண்ணியோடு இருந்தார். மாமா முகம் கழுவப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து கதிரையில் இருப்பதற்குள் நான் கதையில் பாதிக்கு வந்துவிட்டேன். எத்தனை பேர் கை தட்டினார்கள், யோனாஸின் தலைக்கு மேலால் பந்து போனது, எனக்கு இன்று பிறந்தநாள்.

"என்ன பிறந்தநாள்?" என்றார் அம்மா.

"மாமாதான் அவையளுக்கு அப்பிடிச் சொன்னவர். நான் பந்து எறியிறதுக்கு."

"அப்ப மாமா எறியேல்லையோ?"

"ஒண்டுகூட எறியேல்ல" என்றேன் பெருமையாக. "எல்லாம் நான்தான்."

அம்மா அடுப்பை அணைத்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு மாமாவின் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, கையைத் தூக்கு பாப்பம்."

"அக்கா, பசிக்குது."

"தூக்கு."

மாமா வலது கையைத் தூக்கினார். தோள் மட்டத்துக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. அவர் சிரித்த முகத்தை அப்படியே வைத்திருக்கப் பார்த்தார். அம்மா அந்தக் கையை இரண்டு கைகளாலும் ஏந்தி, ஒரு குழந்தையைக் கிடத்துவது போல மெல்ல இறக்கி வைத்தார்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"வைகாசியில ஆஸ்பத்திரியில தோளைப் படம் எடுத்தவை. இனி எறிய ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம்."

அப்பா குடித்துக்கொண்டிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். அம்மா மாமாவின் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"அப்ப உந்த றப்பரை ஏனடா நாளாந்தம் இழுத்தனி?"

"காலமை எழும்பினா வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல அக்கா" என்றார்.

மாமா பிறகு அமெரிக்காவுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு பிசியோதெரபிக்கு அவுஸ்பில்டுங், தொழிற்படிப்பு, தொடங்கினார், அதில் தேறினார். இன்றைக்கு அவரிடம் டெர்மின் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தன் தோள் முடிந்துபோனது என்று தெரிந்துகொண்டே, இன்னொருவன் தோள் எவ்வளவு வலியது என்று நாலு பேருக்குக் காட்டிய அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் பேசுவதில்லை. கேட்டால், அன்று நல்ல வெயில் என்பார்.

அன்று மாலை குசினியில் இதில் எதுவும் என் தலைக்குள் போகவில்லை. என் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளை மீசைக்காரர் தொப்பியைக் கழற்றியதை நான் இன்னும் சொல்லவில்லை. "அம்மா, கதை முடியேல்ல" என்றேன். அம்மா திரும்பவில்லை. மாமாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, தோளில் கன்னத்தை அழுத்தி, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

"சொல்லு பிள்ளை" என்றார் மாமா. "நான் கேக்கிறன்."

அம்மாவுக்குப் பேஸ்போல் விளங்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அதனால்தான் அழுகிறார் போலும் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. கதிரையை அவருக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பந்திலிருந்து, இன்னும் மெதுவாக, இன்னும் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினேன்.