மடித்துப் போட்ட காலுறை

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, மலையடிவாரத்து ஊரான எங்கள் அலுவிகாரையில் நடந்தது இது. எட்டே நாளில் எனக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டப்போட்டி. நாற்பதை நெருங்கும் வயதில் ஓடி முடித்துக் காட்டுகிறேன் என்று நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் முழுக்கச் சவால் விட்டிருந்தேன்.

இடது கெண்டைக்கால் வலிக்கு நல்லதென்று, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை ஒன்று வாங்கியிருந்தேன். கெண்டைக்காலை அளந்து பார்த்து எடுக்கச் சொன்னார் கடைக்காரர். என் கால் எனக்குத் தெரியாதா என்று சப்பாத்து அளவைச் சொல்லி வாங்கி வந்தேன். போதாக்குறைக்கு மேல்விளிம்பை இரண்டாக மடித்தும் விட்டேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலுறையை முழங்காலுக்குக் கீழே மடித்து இறுக்குவதுதான் எங்கள் பழக்கம்.

மூன்று கிலோமீட்டரில் இடது பாதம் மரத்தது. புதுசுதானே, பழகிவிடும் என்று ஓடினேன். பஸ் தரிப்பிடத்துக்கு வந்தபோது பாதம் தரையில் படுவதே தெரியவில்லை. தடுமாறி உட்கார்ந்துவிட்டேன்.

கார்மெண்ட் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் ஓடிவந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருவினாள். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. போட்டி இருக்கட்டும், கால் மிஞ்சுமா என்று பயந்தேன்.

"மடிக்கக் கூடாதுங்க அக்கா. கணுக்கால்ல இறுக்கமா இருந்து, மேல போகப் போக லேசாகணும். நீங்க தலைகீழாப் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று டீச்சர் தோரணையில் கேட்டேன். விளையாட்டு உடுப்புகளைச் சரிபார்ப்பதுதான் தன் வேலை என்றாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்து நின்றது. அவள் எழும்பவில்லை. போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, என் பாதத்தை மடியில் வைத்து, நிறம் திரும்பும் வரை தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்த அளவு நாடாவால் கெண்டைக்காலை அளந்தாள். நான் வாங்கியதைவிட ஒரு அளவு பெரிது வேண்டுமாம்.

அந்த அளவில் வேறொன்று வாங்கி, மடிக்காமல் போட்டு, சொன்னபடியே ஓடி முடித்தேன். எதைக் கேட்டாலும் முடியும் என்று சொல்லிப் பழகியவள் நான். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியின் காலுக்காக என்னால் அப்படி வேலைக்குப் போகும் பஸ்ஸை விட முடியுமா என்று என்னையே கேட்டால், இன்றைக்கும் உடனே பதில் வருவதில்லை.