ஐந்தாவது வாரத்தில் விழுந்த கோடு

கல்லூரியில் அவளுக்கு ‘அஞ்சு செகண்ட் டீச்சர்’ என்று பெயர். புள்ளிவிவரங்களை வரைபடமாகப் போடக் கற்றுக்கொடுப்பவள். எந்தப் படம் மனதில் நிற்கிறது என்று ஆராய்ச்சியும் செய்பவள். படத்தை ஐந்து நொடி காட்டி மூடிவிடுவாள். பார்த்தவர் நினைவிலிருந்து வரைய வேண்டும். தப்பாக வரைந்தால் குற்றம் படத்தின் மேல், ஆளின் மேல் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே மாணவர்களின் காதைத் துளைத்துவிடுவாள்.

அந்த வருடம் சோதனைக்கு வீட்டு விவரத்தையே எடுத்துக்கொண்டாள். அவளும் கணவரும் தினம் எத்தனை அடி நடந்தார்கள் என்று போன் எண்ணி வைத்திருந்தது. அதை வாரவாரியாகக் கோடு போட்டாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், போன வருடம் மாரடைப்பு வந்து பிழைத்தவர். கண்ணில் பட வேண்டியதற்கு மட்டும் நிறம், மற்றதெல்லாம் சாம்பல் என்பது அவளுக்கு வேதவாக்கு. அதனால் அவர் கோடு சிவப்பு, அவள் கோடு சாம்பல். வருடம் முடிய ஐந்து வாரம் இருந்ததால் வலது ஓரம் காலியாக இருந்தது.

முதலில் வந்த பஸ் டிரைவர் சிவப்புக் கோட்டை அச்சு அசலாக வரைந்தார். ஆனால் நிறுத்தவில்லை. காலி இடத்துக்குள் போய், ஐந்தாவது வாரத்தில் நேராகக் கீழே இறக்கினார். டிப்போவைத் தாண்டி வண்டியை ஓட்டிவிட்டீர்களே என்று அவள் கேலி செய்தாள். அடுத்து வந்த தையல்காரியும் அதையே வரைந்தாள். இருபத்து மூன்று பேர், எல்லோரும் அதே வாரத்தில். சாம்பல் கோட்டை ஒருவரும் சீண்டவில்லை.

விழுந்தது மாரடைப்பு வந்த மனிதரின் கோடு. இருந்தாலும் ஆராய்ச்சிக்காரி அல்லவா, பழியைக் காலி இடத்தின் மேல் போட்டு அதை வெட்டி எறிந்தாள். அடுத்து வந்த நர்ஸின் பென்சில் காகித விளிம்பைத் தாண்டி மேஜையில் ஓடி இறங்கியது. ஸ்கேல் வைத்து அளந்தால், சரியாக ஐந்து வாரத்து அகலம்.

“நீங்க காட்டினதத்தான வரைஞ்சேன்,” என்றாள் நர்ஸ்.

அன்றிலிருந்து கணவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று டாக்டர் சிரித்தார். மாடிப்படி ஏறாதீர்கள், வேகமாக நடக்காதீர்கள் என்று பிடுங்கி எடுத்ததில் கணவருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

மூன்று வாரம் போனது. கடைசியாக ஒரு சோதனை. நீளமான தாள், இரண்டு கோட்டுக்கும் நிறம்: அவருக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம். பதினொரு பேர் வரைந்தார்கள். பழக்கதோஷத்தில் அவள் சிவப்பைத்தான் பார்த்தாள். அதே வாரத்தில் விழுந்தது, கொஞ்ச நாள் தரையோடு கிடந்தது, பிறகு தட்டுத் தடுமாறி மேலே ஏறியது. பதினொரு தாளிலும் ஏறியது. அவர் இருப்பார், நடப்பார். நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

தாள்களை அடுக்கும்போதுதான் நீலத்தைப் பார்த்தாள். அதுவும் அதே வாரத்தில் விழுந்திருந்தது. தாள் நீளம்தான், ஆனால் ஒன்றிலும் அது எழுந்திருக்கவில்லை.

வீட்டில் கணவர், படம் என்ன ஆச்சு என்று கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“இன்னிக்கு நீங்க சமைங்க. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்.”

“எனக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதே,” என்றார் அவர்.

“ரெண்டு வாரம் இருக்குங்க,” என்றாள். “கத்துக்கலாம்.”