குழாயை உருவச் சொன்ன குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எழுபதுகளில் காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் பட்டப்பகலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. ரப்பர் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே பாட்டிலில் வடியவிட்டிருந்தார்கள். தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் பங்காளிகள் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் கண்ணில் அந்தப் பாட்டில் படலாமா? ஆள் வரும் சத்தம் கேட்டதும் தூக்கிக் கட்டில் மேல் வைத்துப் போர்வையால் மூடிவிடுவேன். வடிந்தது திரும்ப உள்ளே போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஒரு வாரத்தில் குளிர்காய்ச்சல். கட்டிலே ஆடும். ஊசிமேல் ஊசி போட்டும் இறங்கவில்லை. பதினாறு நாள் தரையில் படுத்து எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாப்போம் ஆச்சி" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் உச்சிப்பொழுது. நர்ஸ் பெண் அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்திருந்தேன். அப்போது என் மாமியார் குரல், செத்து ஒன்பது வருஷமான மாமியார், அதே அதட்டல், மகன் பெயரைச் சொல்லி, "அவனுக்கு அந்தக் குழாய உருவுங்கடி! உள்ள பூத்துக் கெடக்கு!"

நர்ஸ் பயந்து ஓடி டாக்டரைக் கூட்டிவந்தாள். உருவினார்கள். நுனியில் தயிராடை மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. மதுரைக்கு ரத்தத்தை அனுப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், "பூஞ்சக்காளான், ஆச்சி. மூத்திரப் பையிலருந்து ரத்தத்துல ஏறியிருக்கு. நாம போட்ட ஊசிக்கெல்லாம் அது சாகாது." மெட்ராஸிலிருந்து வேறு மருந்து வந்தது. அது ஏறும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது, ஆனாலும் பிழைத்துக்கொண்டார். பாட்டில் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று அந்த நர்ஸிடம் மெதுவாகக் கேட்டேன், "நீயும் கேட்டியா ஆத்தா, அந்தக் குரல?"

"என்ன ஆச்சி, வெளையாடுறீகளா? நீங்கதான கத்துனீக. அய்யா பேரச் சொல்லி!"

தாலி ஏறிய நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குக் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். அவர் போய்ச்சேர்ந்தும் பல வருஷமாகிவிட்டது. தனியாக இருக்கும்போது ஒருதரம் சொல்லிப் பார்ப்போமே என்று வாயைத் திறப்பேன். யார் குரலில் வருமோ என்று மூடிக்கொள்வேன்.