மருதானை ஸ்டேஷன் தூணை அளந்த நாள்

மகளுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பழைய கட்டடம் ஒன்றின் மாதிரியைச் செய்து கொடுக்க வேண்டும். அவள் தெரிவுசெய்தது மருதானை ஸ்டேஷன், விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம்.

"படம் காணாதப்பா, அளவு வேணும். நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள்.

நான் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கடை அளவுநாடாவைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

எத்தனையோ தரம் அந்த மேடையில் நின்றிருக்கிறேன், மேலே பார்த்ததில்லை. வார்ப்பிரும்புத் தூண்கள். அவற்றின் தலையில் கொடிபோலச் சுருண்டு கூரையைத் தாங்கும் இரும்பு. வளைந்த ஜன்னல்கள். அழகுதான். ஆனால் ஸ்டேஷனில் அண்ணாந்து பார்த்துக் கொப்பியில் குறிக்கும் தமிழனை என்ன நினைப்பார்கள்? யுத்தம் முடிந்தும் அந்தப் பயம் என்னை விடவில்லை.

நாடாவைத் தூணைச் சுற்றிப் பிடித்தேன். வாங்குப் பலகையில் இருந்த முஸ்லிம் தொப்பிக்காரர் ஒருவர் சிரித்தார்.

"என்ன அண்ணே, தூணுக்குச் சேர்ட் தைக்கவா?"

நான் பதில் சொல்வதற்குள் காவலாளி வந்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம்: விலை, நிறம், மீற்றர். அடையாள அட்டையை நீட்டினேன். பழக்கதோஷத்தில் பழைய பொலிஸ் பதிவுத் தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். யுத்த காலத்தில் கொழும்பில் தங்கிய தமிழர் பொலிசில் பதிந்து கையோடு வைத்திருந்த தாள். நான் இன்னும் அதை எறியவில்லை.

அதுதான் பிழையாய்ப் போயிற்று. முத்திரையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "மேக்க மொகக்த?" இது என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வோக்கிடோக்கியைக் கையில் எடுத்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போனால்? மனைவி கொட்டாஞ்சேனையில் வேலையில். பிள்ளை காய்ச்சலோடு தனியே.

"மகள்... ஸ்கூல்..." என்று தொப்பிக்காரரைப் பார்த்து முனகினேன். அவர் எழும்பி வந்து காவலாளியிடம் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நடுங்காதீங்க அண்ணே. இந்தப் பேப்பர் என்னெண்டே அவருக்குத் தெரியாது. அப்ப அவர் சின்னப் புள்ள."

காவலாளி தாள்களைத் திருப்பித் தந்தார். தூணைக் கையால் காட்டினார், அளக்கட்டாம். பக்கத்திலேயே நின்றார். சுற்றளவை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிட்டேன்.

"ஜன்னல் எவ்வளவு உயரமப்பா?" என்று மகள் கேட்டாள்.

"எட்டடி," என்றேன். நான் அதற்குக் கிட்டவே போகவில்லை. அவள் போர்வைக்குள் இருந்தபடியே அட்டையில் கோடு போடத் தொடங்கினாள்.