சுரண்டிப் பார்த்த நத்தை

டிரோக்கஸ் நத்தையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பம்பரத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அந்த ஓட்டில்தான் பளபளக்கும் சட்டைப் பொத்தான் செய்வார்கள். முக்குளித்து அள்ளி அள்ளி அந்தமானில் குறைந்துபோனதால், எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு சாகிறது என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. பிடித்து, அளந்து, ஓட்டில் எண்ணைக் கீறி அதே பாறையில் விடுவோம். அடுத்த வருடம் போய்த் தேடுவோம். கிடைக்காதது செத்த கணக்கு. வேறு பாறைக்கு நகர்ந்திருக்காதா என்று கேட்டால் எங்கள் வங்காளி சார், "நஹீ மிலா, தோ கயா" என்பார். கிடைக்கவில்லையா, போயிற்று. அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கணக்குதான். அண்ணன் கப்பலேறி மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போனவன். கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. போன வருடம் நானே சென்னைக்குப் போய்த் தெருத் தெருவாகத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் கொடுப்போம். அவன் பெயரையும் கொடு என்று பாம்பூஃப்ளாட் ஊரில் இருக்கும் சொந்தங்கள் அம்மாவை நச்சரிப்பார்கள். அம்மா அப்பாவின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். இந்த வருடம் நானே அதைச் சொல்லிவிட்டேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். எனக்கு மட்டும் அவன் வேண்டாமா? கப்பல் வரும் நாளெல்லாம் துறைமுகத்தில் கண்ணை அலையவிடுகிறவன் நான்தான். காத்துக் காத்து அலுத்துப்போயிருந்தேன்.

அந்த வாரம் ஒரு பெரிய நத்தை அகப்பட்டது. ஓடு முழுக்கச் சுண்ணாம்பாய்ப் பாசி அப்பியிருந்தது. எண் போடாத புதுசு என்று ஒதுக்கப் போனவன், ஏனோ கத்தியால் சுரண்டினேன். உள்ளே எண். நான் கீறியதுதான். எப்போதோ செத்த கணக்கில் சேர்த்தது, என் உள்ளங்கை கொள்ளாமல் வளர்ந்திருந்தது. சார் தலையைச் சொறிந்துகொண்டே கணக்கைத் திருத்தினார்.

சாயங்கால ஃபெர்ரியில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்போ சென்னையில தேடுனியே, தாடி வச்சவன் மூஞ்சியெல்லாம் உத்துப் பாத்தியால?"

பார்க்கவில்லை. கையிலிருந்த போட்டோவை வைத்துத்தான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அதில் அண்ணன் வழவழவென்று சவரம் செய்திருக்கிறான்.